முன்கூட்டிச் சொன்ன நன்றி

விபூதிப் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் இன்னாசிமுத்து முடிவு கட்டிவிட்டான். இந்தத் தபசுக்காலத்தில் கறியை விட முடியாது. தவறணையில் குடிக்கும் சாராயத்தையும் விட முடியாது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பகலெல்லாம் கொழுந்து மூட்டை தூக்குகிறவனுக்கு, விடுவதற்கென்று மிச்சம் இருந்தது பெருமூச்சு ஒன்றுதான்.

அவன் மனைவி மதலேனம்மாள் விடுவாளா?

"நாப்பது நாளும் தவறணைப் பக்கம் போகப்படாது. பேர்லயே தவறு இருக்கு."

"சாமியாரு பதுளைக் கோயில்ல சொன்னதைக் கேக்கலியா புள்ள? ஒடம்பால ஒழைக்கிறவுங்க ஒருசந்தி நோம்பு இருக்க வேணாம். தெனமும் ஒரு சின்ன ஜெபம், ஆண்டவருக்கு ஒரு நன்றி. போதுமாம்."

"அப்படியா சொன்னாரு?"

"நீதான் தூங்கிட்டியே."

உண்மைதான். கொழுந்துக் கூடை சுமந்த அவள் முதுகு, பிரசங்கம் தொடங்கியதுமே சுவரில் சாய்ந்துவிடும்.

"சரி, ரெண்டு பேருமே சொல்லுவோம். சத்தமாச் சொல்லணும்" என்றாள்.

கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவன் இவ்வளவு லேசாக ஜெயித்ததில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் முழங்காலிட்டார்கள்.

"ஆண்டவரே, இன்னிக்கு மழை பெய்யாததுக்கு நன்றி" என்று சுருக்கமாக முடித்து எழப்போனான்.

மதலேனம்மாள் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நாளைக்குக் காலையில என் புருஷன் பீலியில தண்ணி புடிச்சாந்து வைக்கப்போறாரு. அதுக்கு நன்றி."

"ஏ புள்ள, நான் எப்பச் சொன்னேன்?"

"ஜெபத்துல பேசாதீங்க."

வரிசை வீடுகளான லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து பெரியாயி குரல் கொடுத்தாள்: "சாமிகிட்டயே சொல்லியாச்சு தம்பி. பொய்யாக்கிடாதீங்க."

மறுநாள், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்பே இன்னாசிமுத்து குடத்தோடு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்றான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் விறகு வெட்டப்போவதற்கு நன்றி. அதற்கடுத்த நாள் ஒழுகும் தகரத்தை அடைக்கப்போவதற்கு நன்றி. மூன்றாம் வாரம் சனிக்கிழமை, "தவறணை வாசல் வரைக்கும் போயி, மனசு மாறித் திரும்பி வரப்போறதுக்கு நன்றி." போனான். வாசலில் நின்றான். வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு திரும்பினான். மனைவியை ஏய்க்கலாம். ஆண்டவர் வாங்கி வைத்துக்கொண்ட நன்றியை என்ன செய்வது?

ஐந்தாம் வாரம் ஒருநாள் அவனுக்கு நன்றியே ஊறவில்லை. "ஒண்ணும் இல்லே ஆண்டவரே. களைப்பா இருக்கு."

அன்று மதலேனம்மாளும் நாளையைப் பற்றிப் பேசவில்லை. "இந்த மாசம் எனக்கு முதுகு வலிக்கலே. நன்றி" என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த முதுகு வலிக்கும் என்பதை அவன் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. மறுநாள் யாரும் நன்றி சொல்லாமலேயே இரண்டு குடம் கொண்டுவந்தான்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. கோழிக்கறியும் சோறுமாக மத்தியானம் வயிறு நிறைந்தது. தபசு முடிந்த தெம்பில் அவனுக்கு அறிவும் திறந்துகொண்டது. கையைக் கழுவிவிட்டு, அவள் முந்துவதற்குள் முழங்காலிட்டான்.

"ஆண்டவரே! நாளைக்குத் தப்பு அடிக்கிற வரைக்கும் மதலேன் என்னை நிம்மதியாத் தூங்க விடப்போறா. அதுக்கு நன்றி!"

மதலேனம்மாள் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு குடங்களையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஆமென். நாளைக்குத் தாராளமாத் தூங்குங்க. தண்ணிய இப்பவே போயிப் புடிச்சு வச்சிடுங்க."