ஸ்தோத்திரம் டெய்லரும் வாய் நிறைய குண்டூசியும்

உலகத்தில் பொய் சொல்லாத டெய்லர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் எங்கள் வில்லாபுரத்தில் கடை போட்டதால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பார்ப்பவர்களுக்கெல்லாம் "ஸ்தோத்திரம்" சொல்வார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் என் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம், கடைக்குள் நுழையும் ஆட்டுக்கும் ஸ்தோத்திரம். அதனால் ஸ்தோத்திரம் டெய்லர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஆனால் கடையில் ஒரு பைபிள் வசனப் படம்கூட மாட்டியிருக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கிறிஸ்தவனா இருக்க வேண்டியது நானும்மா. செவுரு எதுக்கு?" என்றார்.

மற்ற டெய்லர்கள், "நாளைக்கு வாங்கக்கா, ஹூக்கு வைக்கிறது மட்டுந்தான் பாக்கி" என்பார்கள். துணியை வெட்டியே இருக்க மாட்டார்கள். இவரோ, "பையவே இன்னும் பிரிக்கலம்மா, நேத்து தூங்கிட்டேன்" என்பார். இப்படிச் சொல்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "எப்டிண்ணே இருக்கேன்?" என்று கேட்டவர்கள் பாவம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டு நல்லாருக்கும்மா" என்பார். அதோடு சரி.

"ஏண்ணே, ஆளும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவீக?" என்று நானே சண்டைக்குப் போயிருக்கிறேன்.

"ஆண்டவர் கேட்டுக்கிட்டிருக்காரும்மா" என்று மேலே கையைக் காட்டினார். மேலே ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்பேர்ப்பட்ட மனுஷரைத் தெருவில் வைத்துக்கொண்டுதான் என் தங்கை வனிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தோம்.

வனிதாவுக்குச் சின்ன வயதில் இருதய ஆபரேஷன் நடந்தது. இப்போது மாடிப்படியை ஓடித்தான் ஏறுவாள். நெஞ்சில் தழும்பு மட்டும் மிச்சம். அது தெரியாமல் இருக்கக் கழுத்தை ஏற்றித் தைத்த ஜாக்கெட்தான் போடுவாள். ஏன் இப்படி என்று கேட்ட டெய்லரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

உசிலம்பட்டியிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. பையனுக்கு இவளைப் பிடித்துவிட்டது, இவளுக்கும் அவனை. ஆபரேஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. வனிதா முறைத்தாள். ஆனால் எங்கள் பக்கம் பெண் எடுக்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மளிகைக்கடை, டீக்கடை, டெய்லர் கடை எல்லாவற்றிலும் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். அம்மா டெய்லரிடம் ஓடினாள்.

"பொய் சொல்ல மாட்டேங்க்கா."

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்ப்பா. வாயத் தொறக்காம இரு, அது போதும்!"

அதில் பாவமில்லை என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

பையனின் அம்மாவே விசாரிக்க வந்தார். அவரைப் பார்த்ததும் டெய்லர் டப்பாவிலிருந்து குண்டூசிகளை அள்ளி உதட்டில் கவ்விக்கொண்டார்.

"அந்த வீட்டுப் பொண்ணு எப்டிங்க?"

"ம்ம்."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ம்ம்ம்."

அந்தம்மாவும் போகவில்லை, இவரும் ஊசியை எடுக்கவில்லை. போதாததற்கு டீக்கடைக்காரர் வேறு, "பொய்யே சொல்லாத மனுசன்க்கா" என்று எடுத்துக்கொடுத்தார். தீர்ந்தது கதை. பொய் சொல்லாதவர் வாயையே திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மறுநாள் போனில், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வனிதா சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டாள். அம்மா டெய்லரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். வாயை மூடச் சொன்னதும் அவள்தான், மூடியதற்குத் திட்டியதும் அவள்தான்.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. ஆபரேசன மட்டும் மறைக்கிறதா நெனச்சேன். ஒன்னையப் பத்துன நல்லதையும் சேத்துல்ல மறைச்சுப்புட்டேன். இதுவும் பொய்தான். நீ சரின்னா உசிலம்பட்டி போயி உள்ளதச் சொல்லிருவோம். வேணாம்னா நான் பேசல."

வனிதா எழுந்து செருப்பை மாட்டினாள். "வாங்கண்ணே, போவோம்."

நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடிப்போய் பஸ் ஏறினோம்.

அங்கே ஆபரேஷனைப் பற்றி வனிதாவே சொன்னாள், இப்போது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். பையனின் அம்மா டெய்லர் பக்கம் திரும்பி, "வேற கொறை எதும் இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா. கோவம் வரும். வந்தா பாத்திரம் பறக்கும். அது வைக்கிற ரசத்த வாயில வைக்க முடியாது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா என் சம்சாரம் கால் ஒடஞ்சு கெடந்தப்ப, அந்த ரசத்தத் தெனமும் கொண்டாந்து குடுத்துத் தலை சீவி விட்டது இந்தப் புள்ளதான். நாங்க சொந்தமும் இல்ல, ஒரே சாமியும் இல்ல."

அந்தம்மா, "நானும் எம்புட்டோ எடத்துல பொண்ணு பாத்துட்டேன். எல்லாம் தங்கம்னுதான் சொன்னாக. இம்புட்டுக் கொறையோட இப்பத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு" என்று சிரித்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். "ஏன்டா, ஒனக்கு ரசம் வைக்கத் தெரியுமா?"

முகூர்த்த ஜாக்கெட்டுக்கு வனிதா, "கழுத்த எல்லாரும் போடுற மாதிரி எறக்கியே தைங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். அப்படியே தைத்துக் கொடுத்தார்.

கல்யாண மேடையில் அவர் வாழ்த்த ஏறியபோது, இவள் சும்மா இருக்கக் கூடாதா? "எப்டிண்ணே இருக்கேன்?" என்று கேட்டே விட்டாள். அவர் வழக்கம்போல மேலும் கீழும் பார்த்தார்.

"நீ நல்லாருக்க பாப்பா. ஜாக்கெட்டுதான் எடது தோள்ல சுருக்கம் விழுந்துருச்சு. கொண்டா, பிரிச்சுத் தச்சுத் தாரேன்."

இன்றுவரை அவள் கொடுக்கவில்லை. அந்தச் சுருக்கம் அப்படியே இருக்கட்டும் என்கிறாள்.