பனி ஆய்வு மன்றமும் கல்லாறைக் கிணறுகளும்

செம்பாறை நாட்டில் பனி பெய்ததே இல்லை. ஆண்டில் ஒன்பது மாதம் வெயில். மீதி மூன்று மாதம் சற்றே குறைந்த வெயில். ஆயினும் அதன் அரசர், தம் தலைநகரில் இருந்த அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உலக வரிசைப் பட்டியலில் நானூற்றுப் பதினொன்றாம் இடத்தில் இருப்பதை அறிந்து, இரண்டு வேளை உணவு கொள்ளவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அமுதநாயகி என்றொரு பேராசிரியை இருந்தார். கிழக்கே கல்லாறை வட்டத்துக் கிணற்று நீரில் ஓர் உப்பு கரைந்திருந்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின. கால்கள் வில்லாக வளைந்தன. ஆறு ஆண்டு உழைத்து அமுதநாயகி ஒரு வழி கண்டார். மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி, அதன் வழியே நீரை வடித்தால் உப்பு கரியிலேயே தங்கிவிடும். கல்லாறையில் ஒரு வடிதொட்டி கட்டினார். அதைப் பார்த்துக்கொண்டவள் வேலம்மை. அவள் மகள் எட்டு வயதில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள்.

அரசாணை வந்தது. கடல் கடந்த நாடு ஒன்றின் முத்திரை பெற்ற ஆய்வுகளே இனி முன்னுரிமை ஆய்வுகள். மற்றவை ஆய்வுகளே அல்ல. முத்திரை தர முன்வந்த ஒரே நாடு வடபனி நாடு. அங்கே எல்லோரும் பனியை ஆராய்கிறார்கள் என்று துணைவேந்தர் மதிவாணர் எங்கோ படித்திருந்தார். ஆகவே செம்பாறையில் பனி ஆய்வு மன்றம் எழுந்தது. செயற்கைப் பனிக்குச் சுத்தமான நீர் வேண்டும் என்றார்கள். நாட்டிலேயே மிகச் சுத்தமான நீர் கல்லாறைத் தொட்டியில் இருந்தது. தொட்டியைப் பெயர்த்துத் தலைநகருக்குக் கொண்டுவர அடுத்த ஆணை பிறந்தது.

அமுதநாயகி துணைவேந்தரின் அறைக்குப் போனார்.

"ஐயா, அது குழந்தைகள் குடிக்கிற தண்ணீர்."

"அம்மையீர், குழந்தைகள் உள்ளூர் விஷயம். பனி உலக விஷயம்" என்றார் மதிவாணர்.

"கால் வளைவதுமா உள்ளூர் விஷயம்?"

"வடபனி நாட்டில் வளையாதவரை, ஆம்."

தொட்டியை வண்டியில் ஏற்றிய நாளில் வேலம்மை சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். காவலர்கள் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மறுவாரம் அமுதநாயகி பல்கலைக்கழகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தொட்டி போச்சேம்மா, இனி என்ன செய்ய?"

"தொட்டி எதுக்கு வேலம்மா? ரெண்டு பானை போதும். கரி சுடச் சொல்லித் தர்றேன்."

நாற்பத்திரண்டு பெண்கள் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பானைகள் ஏறின. ஓராண்டில் வேலம்மையின் மகள் சுவரை விட்டுவிட்டு நாலடி நடந்தாள்.

அந்த ஆண்டுதான் வடபனி நாட்டுத் தூதுக்குழு வந்தது. மன்றத்தின் செயற்கைப் பனியைக் குழுத்தலைவர் மரியாதைக்காக ஒரு நிமிடம் பார்த்தார்.

"பனி எங்களிடம் நிறையவே இருக்கிறது. எங்கள் சுரங்க ஊர்களில் பிள்ளைகளின் கால்கள் வளைகின்றன. அதற்கு இங்கே யாரோ வழி கண்டதாகக் கேள்விப்பட்டோம்."

மதிவாணர் திகைக்கவில்லை. அமுதநாயகி பல்கலைக்கழகத்தில் விட்டுப்போன ஆறு ஆண்டுக் குறிப்பேடுகளைப் பட்டுத்துணியில் சுற்றி, நட்பின் அடையாளமாகக் கையளித்தார். பதிலுக்கு முத்திரை கிடைத்தது. பல்கலைக்கழகம் இருநூற்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது, தெருவெங்கும் தோரணம். ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை யாரும் படிக்கவில்லை. எலும்புக்கரி முறை இனி வடபனி நாட்டின் உடைமை; அவர்கள் இசைவின்றி எவரும் அதைக் கையாளக் கூடாது.

வெயில் குறையும் முன்பே காவலர்கள் கல்லாறைக்கு வந்து பானைகளை உடைத்தார்கள். நாற்பத்திரண்டு பெண்களும் தலைநகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அமுதநாயகியை மட்டும் யாரும் தொடவில்லை. முத்திரை பெற்ற முறையைக் கண்டவர் என்பதால் அவர் இப்போது நாட்டின் பெருமை. அறிஞர்களுக்கான மெத்தை நாற்காலியில், மதிவாணருக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் வடபனி நாட்டுத் தூதர் அமர்ந்திருந்தார்.

"அந்நிய நாட்டு அறிவை நீங்கள் திருடியதாகக் குற்றச்சாட்டு. யார் அனுமதியில் செய்தீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

வேலம்மை நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைக்குத் தண்ணி குடுக்க யாருங்கய்யா அனுமதி கேப்பா?"

"கேள்விக்குப் பதில் சொல்."

"சொல்லிட்டேனே."

நீதிபதி எழுத்தரின் பக்கம் திரும்பினார். "குற்றவாளிகள் நாற்பத்திரண்டு பேர். எழுதிக்கொள்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்த அமுதநாயகியின் சேலைத் தலைப்பை மதிவாணர் பிடித்துக்கொண்டு, "அம்மையீர், வரிசைப் பட்டியலை நினைத்துப் பாருங்கள்" என்று கிசுகிசுத்தார். அமுதநாயகி தலைப்பை உருவிக்கொண்டு, நீதிமன்றத்தின் நடுவே நடந்து, பெண்கள் நின்ற கூண்டின் கதவைத் தாமே திறந்தார். வேலம்மை நகர்ந்து இடம் விட்டாள்.

"நாற்பத்து மூன்று என்று எழுதுங்கள்" என்றார் அமுதநாயகி.

எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர், வடபனி நாட்டுத் தூதரைப் பார்த்தார்.