தூங்கிச் சம்பாதித்த ஓ.டி. அண்ணன்

மாத்தளை மாவட்டத்திலேயே தூங்கித் தூங்கிச் சம்பாதித்த ஒரே மனிதர் எங்கள் தெரு ஓ.டி. அண்ணன்தான். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவில் வேலை. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் வாசல் நாற்காலியில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குறட்டை விடுவார். மாதக் கடைசியில் சம்பளத்தோடு ஓ.டி. என்கிற ஓவர்டைம் காசும் கொட்டும். இரவெல்லாம் நாவுலப் பக்கம் எரிந்த வைக்கோற்போரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் பொறாமை போய்விடுமா?

நான் ஆசிரியை. விடைத்தாள் கட்டை வீட்டுக்குச் சுமந்து வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு திருத்துவேன். அதற்கு ஓ.டி. கிடையாது. அவர் மனைவி சுமதி அக்கா தவணைக்கு வாஷிங் மெஷின் எடுத்த வாரம், நான் துணியைக் கல்லில் கொஞ்சம் பலமாகவே அடித்தேன். கணவரின் சட்டையில் ஒரு பொத்தானும் மிஞ்சவில்லை.

காசோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால், மனிதர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து கேக்குக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்னாண்ணே இது? ஒரே ஒரு மெழுகுவர்த்திதானே!"

"எல்லா நெருப்பும் ஒண்ணுலதான் தங்கச்சி ஆரம்பிக்குது. நீங்க ஊதுங்க, நான் இருக்கேன்."

ஊதினோம். அவர் திரியை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப வெட்டலாம்" என்றார். எல்லாப் படத்திலும் மகள் வாளியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். அவள் வாயில் முதலில் வந்ததும் 'அம்மா' இல்லை. தீயணைப்பு வண்டியின் 'ஊ... ஊ...'. பத்து மாதம் சுமந்தவள் நான்.

அவள் நடக்கத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் போனது. எங்கள் வாசலில் மழைத் தண்ணீர் ஓடும் கான் திறந்தே கிடந்தது. ஒரு நாள் அவளுடைய ஒரு செருப்பை அது அடித்துக்கொண்டு போனது. செருப்போடு போயிற்றே என்று நினைப்பதா, அடுத்தது என்ன என்று நினைப்பதா? மூடி கேட்டுச் சபைக்குப் போனேன்.

"எங்க மிஸ் காசு? எல்லாம் பயர்காரங்க ஓ.டி.க்கே போவுது" என்றார்கள்.

திரும்பி வந்து, அண்ணன் காதில் விழும்படி கணவரிடம் அதைச் சொன்னேன். குறட்டை நின்றது.

"உண்மைதான் தங்கச்சி," என்றார், கண்ணைத் திறக்காமலே. "நாலு பேர் வேலைய ரெண்டு பேர் பார்க்கிறோம். புதுசா ஆள் எடுக்கக் காசில்ல, அதனால ஓ.டி. இப்ப அதுக்கும் காசில்ல. நீங்க விடாதீங்க, திரும்பப் போய்க் கேளுங்க. புள்ள உசிரு முக்கியம்."

அடுத்த பட்ஜெட்டில் ஓ.டி.யை நிறுத்தினார்கள். வாசலுக்குக் கொங்கிரீட் மூடி வந்தது. தவணை தவறியதால் கடைக்காரர்கள் வந்து வாஷிங் மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று துணியை மெதுவாகத்தான் துவைத்தேன்.

ஆனால் பாருங்கள், நான் அலைந்து வாங்கிய மூடியில் உட்கார்ந்தது யார்? ஓ.டி. இல்லாததால் அண்ணனுக்கு மாலைகள் மிஞ்சின. மூடியின் நடுவில் அவர், சுற்றிலும் தெருப் பிள்ளைகள், மடியில் என் மகள். பிளேன்டீ போட்டுக் கொடுப்பது மட்டும் நான்.

ஒரு மாலை அப்படிக் கொடுத்த தேநீரை அவர் வாயில் வைக்கும்போதே டவுன் பக்கம் சைரன் கேட்டது. கடைத்தெரு மேல் கரும்புகை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே, உங்களுக்கு இப்ப டியூட்டி இல்லையே! ஓ.டி.யும் தரமாட்டாங்களே!"

"அத நெருப்புக்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

பூட்ஸ் எப்போதும் காலில்தானே, ஓடினார். அவர் முதுகைப் பார்த்து மகள் 'ஊ... ஊ...' என்று கத்தினாள். பிறகு கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள்.

"தொடாத," என்று தேநீரை ஒரு சின்னத் தட்டால் மூடினேன். "மாமா வந்து குடிப்பாரு."