அலாரம் மாமாவின் மூஞ்சியை மாற்றுவது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இங்கே நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பதைத் தெருவெல்லாம் ஒட்டியிருக்கும் உன் போஸ்டர்களே சொல்கின்றன. ஆகவே அந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். விஷயம், என் மூஞ்சி.

நீ 'இமைப்படை' என்று ஒரு படக்கதை எழுதுகிறாய் என்று கேள்விப்பட்டபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். எதிர்காலத்தில் எல்லாரும் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு தூங்குவார்களாம், கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வார்களாம், தெரிந்துவிட்டால் பறக்கலாமாம், மலையை நகர்த்தலாமாம். சரி, சின்ன வயதிலிருந்து தூங்கியே பொழுதைக் கழித்தவன் அந்தத் தூக்கத்தையே தொழிலாக்கிக்கொண்டானே என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். படக்கதை டி.வி. தொடராயிற்று, தொடர் செல்போன் விளையாட்டாயிற்று, அப்புறம் பொம்மை, பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில், தலையணை உறை. அதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தத் தலையணை உறையில் இருப்பது யார் என்று உற்றுப் பார்த்தபோதுதான் வந்தது.

தளபதி விழிப்பனாம். பிள்ளைகள் வைத்திருக்கும் செல்லப்பெயர் அலாரம் மாமா. ஒட்ட வெட்டிய மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, அரைக்கை ஸ்வெட்டர், சட்டைப் பையில் இரண்டு பேனா. இடது புருவத்துத் தழும்பைக்கூட நீ விடவில்லையே! அது எப்படி வந்தது? பரீட்சைக்கு எழுந்திருடா என்று உன்னைத் தட்டினதற்கு, கண்ணைத் திறக்காமலேயே நீ விட்டெறிந்த டம்ளரால் வந்தது. எறிந்தவனும் நீ, அதை வரைந்து பேர் வாங்குகிறவனும் நீ. நிம்மதியாகக் கனவு காண்கிறவர்கள் நடுவில் இந்த ஆள் திபுதிபுவென்று வந்து, "எழுந்திரு! மணி என்ன தெரியுமா?" என்று தோளைப் பிடித்து உலுக்குவானாம். அந்த வசனமும் என்னுடையது! உன் கதையில் நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, படிக்கவும் மாட்டேன். அந்த ஆள் வில்லன் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உனக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தவன் உன் கண்ணுக்கு வில்லன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் படக்கதையின் பின்னட்டையில் விதி என்று ஒன்றைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறாயே, அதற்கு என்ன பதில் சொல்கிறாய்? 'அலாரம் மாமா கண்ணில் பட்டால் நீ கனவில் இருக்கிறாய். பயப்படாதே. இஷ்டப்படி செய்.' இதை எழுதுவதற்கு முன்னால் உன் அண்ணன் என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? டிரைவிங் லைசென்சுக்கு டெஸ்ட் எடுக்கிறவன்டா நான்! இன்னும் வண்டி ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து சீட்டில் போய் உட்காருவதுதான் என் பிழைப்பு.

போன வாரம் ஒரு பல் டாக்டர் அம்மா டெஸ்டுக்கு வந்தார். நிதானமானவர். கண்ணாடியைச் சரிசெய்தார், பெல்ட்டை மாட்டினார், ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாஸ் போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறக்கிறேன், அந்த அம்மா திரும்பி அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்க்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, அலாரம் மாமா! அப்போ இது கனவா? நான் வீணா பயந்துட்டேனே!" என்கிறார். "அம்மா, ரோட்டைப் பாருங்க" என்கிறேன். "ரோடு எதுக்கு சார், பறக்கப் போறோம், கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார் பாரு! வழியில் வைத்திருந்த கூம்பெல்லாம் சிதறிப் பறந்தது, பூந்தொட்டி பறந்தது, நாங்கள் மட்டும் பறக்கவில்லை. எங்கள் மேலதிகாரியின் கார் கதவில் போய் நின்றோம். அப்போதும் அந்த அம்மா அசரவில்லை. "பரவாயில்ல, எழுந்ததும் எல்லாம் சரியாயிடும்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

மேலதிகாரி ஓடிவந்தார். நியாயமாகப் பேசுவார் என்று பார்த்தால், என் முகத்தையும் சுவரில் சாய்ந்து நின்ற பியூனின் பையில் அச்சிட்டிருந்த அலாரம் மாமா படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீங்க வண்டியில ஏறக்கூடாது. ஒண்ணு மூஞ்சிய மாத்துங்க, இல்லன்னா உங்களை ஸ்டோர் ரூமுக்கு மாத்துறேன்" என்றார். ஜன்னல் இல்லாத அறை அது, பழைய நம்பர் பிளேட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு சொல் கேட்காதவன் நான். வேறு வழியில்லாமல் மீசையை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த மீசை. உன் அண்ணி அதைப் பார்த்துச் சிரித்ததோடு விட்டாளா? போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். நீயும் கூசாமல் இந்த வாரத் தொடரிலேயே அலாரம் மாமாவை மீசை இல்லாமல் மாறுவேடத்தில் கொண்டுவந்துவிட்டாய்! தலையை மொட்டை அடித்தால் மொட்டையாகவும் வரைவாய். எங்கேடா போவேன் நான்?

இதையும் விடு. இன்று காலை நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் மகளுக்குக் காலேஜில் செய்முறைத் தேர்வு. எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், "ஓ, கனவா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உலுக்கினேன். "எழுந்திரு! மணி என்ன தெரியுமா?" என்று கத்தினேன். அதைக் கேட்டதும் அவளுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோச்சு, போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. அவ பரீட்சை ஹால் வாசலுக்குப் போறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. இனி அடுத்த தடவைதான். ஊரையே எழுப்புற ஆளுன்னு என்னைப் படம் போட்டு வித்துட்டே, பெத்த பொண்ணை எழுப்ப முடியாம நிக்கிறேன்டா நான்! அந்த ஆத்திரத்துலதான் இதை எழுதுறேன்.

ஆகவே உன் அண்ணன் முறையில் முடிவாகச் சொல்கிறேன். அடுத்த பாகத்தில் அந்த ஆளுக்கு வேற மூஞ்சி வரையணும். தாடி வை, கொம்பு வை, உன் மூஞ்சியையே வை. இல்லாவிட்டால் ஆளையே கதையிலிருந்து தூக்கிவிடு, எங்கே போனான் என்று நான் கேட்க மாட்டேன். இரண்டும் செய்யவில்லை என்றால் எனக்குத் தம்பியே இல்லை, இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் பேரும் புகழும் மேலும் வளரட்டும், என் தலையில் ஏறாமல் வளரட்டும். அண்ணி உன்னை மிகவும் விசாரித்தாள், அவளிடம் நான் பேசுவதில்லை.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த வில்லன்

பி.கு.: கவரை ஒட்டப் போறேன், உன் அண்ணன் மகள் அழுதுக்கிட்டே வந்து நிக்கிறா. பரீட்சை போன அழுகைன்னு நினைச்சேன். இல்லையாம். இந்தப் பாகத்தோட முடிவுல அலாரம் மாமா செத்துடுறாராமே? டேய், யாரைக் கேட்டுடா செஞ்சே? இப்பதான் அவளை உட்கார வச்சு முழுக்கதையையும் சொல்லச் சொன்னேன். அந்தத் தொப்பியில சார்ஜ் தீர்ந்துட்டா தூங்குறவன் தூங்கினபடியே போயிடுவானாம், அதுக்குத்தான் அந்த ஆள் ஒவ்வொருத்தரையா தேடிப்போய் உலுக்குறாராம், அத்தனை பேரும் திட்டுறாங்களாம், கடைசி ஆளை எழுப்பிவிட்டுட்டுத் தன் தொப்பியைக் கழட்ட மறந்துடுறாராம். இதை எனக்கு ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? ஆளைச் சாகடிக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? மேலே எழுதினதை எல்லாம் அடிச்சுடு. மூஞ்சி அப்படியே இருக்கட்டும், மீசையை நான் திரும்ப வளர்க்குறேன். அடுத்த பாகத்துல அத்தனை பேரும் மறுபடி தூங்கத்தானே போறாங்க? அப்ப யாருடா போய் எழுப்புவா?