முக்கால் ஓட்டம், கால் மூளை

ஹெட்லி ரட்டர் அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தான். அவன் வாழ்நாளில் எடுத்த சபதங்களில் இது பதினேழாவது. முந்தைய பதினாறும் புகையிலை சம்பந்தப்பட்டவை.

"வின்னி, நல்லாக் கேட்டுக்க. இந்த நாய் சமையலறைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

வின்னி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பாதிரியார் வீட்டுத் திரைச்சீலை அரைகுறையாக மடியில் கிடந்தது.

"எந்தக் காலை? அதுக்கு உடம்பு பூரா காலாத்தான் இருக்கு."

உண்மைதான். ஏழு வாரக் குட்டி. சாம்பல் நிறம், கலைந்த முடி, ஆளுக்கொரு பக்கம் போகும் நான்கு கால்கள். வாசலில் நிற்க முயன்று, வழுக்கி, உட்கார்ந்து, உட்காரத்தான் வந்தேன் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டது. நெட்டில் என்று பெயர். தொட்டால் அரிக்குமே, அந்தக் காஞ்சொறிச் செடியின் பெயர்.

"சிரிக்காத. இது லர்ச்சர். வேட்டை நாய். அப்பன் கிரேஹவுண்டு. ஆத்தாளுக்குப் பாதி ரத்தம் ஆடு மேய்க்கிற கோலி, மீதி கிரேஹவுண்டு. கணக்குப் போட்டுப் பாரு. முக்கால் ஓட்டம், கால் மூளை!"

"கால் மூளையா? பரவாயில்லையே. இந்த வீட்டுல அது ரெண்டாவது இடத்துக்கு வந்துடும்."

ஹெட்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் இடம் யாருக்கு, மூன்றாவது யாருக்கு என்று கேட்டால் விவகாரம் வளரும்.

"படுக்கை கொட்டகையில. சாப்பாடு என் கையால மட்டும். வேற யாரும் அதுகிட்டப் பேசக் கூடாது, தடவிக் கொடுக்கக் கூடாது, பிஸ்கட் போடக் கூடாது. லர்ச்சர்னா ஒரே ஆளோட நாயா இருக்கணும். கோலி கலந்ததுன்னா இன்னும் மோசம், மனசு இளகின ஜாதி. ரெண்டு பேர் கொஞ்சினா ரெண்டு பேருக்கும் உதவாமப் போயிடும்."

"நீ மலைக்குக் கூட்டிட்டுப் போறப்ப நானும் வரட்டுமா? சனிக்கிழமை எனக்கும் தையல் கிடையாது."

"பொம்பளைக் குரல் கேட்டா வேலை நாய் கெட்டுப் போயிடும், வின்னி."

"சரி," என்றாள் வின்னி.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில், மறுபேச்சில்லாமல் வின்னி "சரி" சொன்ன தருணங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஹெட்லிக்கு ஏதாவது ஆகியிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு அவன் நிம்மதியாகத் தேநீர் குடித்தான்.

ஹெட்லிக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. காலை ஏழு மணிக்குத் தன் ஊர் ரஷ்கில்லில் கிளம்பி, பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, ஒன்பதரைக்கு வீடு திரும்புவான். மத்தியானம் மறுபடி ஒரு சுற்று. நடுவில் கிடைத்த நேரமெல்லாம் நெட்டிலுக்கு. உட்கார், நில், வா, தாண்டு. எதையும் இரண்டு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில சமயம் சொல்வதற்கு முன்பே செய்தது.

"முந்தின ஜென்மத்துல கத்துக்கிட்ட மாதிரி செய்யுதுப்பா!" என்று பப்பில் பக்கத்து வீட்டு ஸ்டான் ஓர்டிடம் பீற்றிக்கொண்டான். "நான் வாயைத் தொறக்கிறேன், அது உக்காந்துடுது!"

"உன் வாய் நாத்தமா இருக்கும்," என்றான் ஸ்டான். அவனிடம் சலூக்கி என்கிற பாலைவன வேட்டைநாய்க் கலப்பில் சுல்தான் என்று ஒரு நாய். தூண் உயரம், மின்னல் வேகம். கூப்பிட்டால் மட்டும் வராது.

நெட்டிலின் மயிர் பளபளத்தது. தான் கொடுத்த மாட்டுக்குடலின் மகிமை என்று ஹெட்லி நம்பினான். அதன்மேல் லேசாக லாவெண்டர் சோப்பு வாசம் அடித்தது. வேலியோரம் படுத்திருக்கும், செடியில் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டான். வேலியோரத்தில் லாவெண்டர் செடி கிடையாது என்பதை அவன் யோசிக்கவில்லை.

ஒரு வயதானபோது முதல் விவகாரம் வந்தது. கொட்டகைத் தாழ்ப்பாளை மூக்கால் தூக்கித் திறந்துகொண்டு போன நெட்டில், ஸ்டானின் சிவப்புக் கோழியை வாயில் கவ்விக்கொண்டு வந்து ஹெட்லியின் காலடியில் வைத்தது. கோழிக்கு ஒரு இறகுகூடக் கலையவில்லை. எழுந்து, உதறிக்கொண்டு, ஹெட்லியைத்தான் முறைத்தது.

ஹெட்லி கத்தினான். பள்ளிக்கூட பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் அது. தெருக்கோடி வரை கேட்டது.

நெட்டில் அவனை ஒரு பார்வை பார்த்தது. கொட்டகைக்குள் போனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஹெட்லி நேரே ஆட்டு ஈரலோடு போனான். அது ஈரலைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, மறுபடி சுவரைப் பார்த்தது.

"மன்னிப்புக் கேளு," என்றாள் வின்னி.

"நாய்கிட்டயா?"

"அது என்ன தப்புப் பண்ணிச்சு? உயிரோட கொண்டுவந்து கையில கொடுக்கணும்னு நீதானே சொல்லிக் கொடுத்த? கொடுத்துச்சு. அது முயல் இல்ல, கோழின்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்."

ஹெட்லி சுற்றுமுற்றும் பார்த்தான். கொட்டகைக்குள் குனிந்தான். தொப்பியைக் கழற்றினான். "தப்புத்தான் தாயி. இனிமே கத்த மாட்டேன்," என்றான்.

நெட்டில் வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் கோழியை அக்குளில் இடுக்கியபடி ஸ்டான் நின்றான்.

"எனக்கும் ஒரு மன்னிப்பு பாக்கியிருக்கு, ஹெட்லி. கோழிக்கு ரெண்டு," என்றான்.

அந்த வசந்தத்தில் ஆர்ச்சி டெல்ஃப் பண்ணையில் முயல்கள் புல்லை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. குட்டி போட்ட ஆடுகளுக்கு மேயப் புல் இல்லை. முந்நூறு ஏக்கர். இதுவரை எந்த நாயையும் உள்ளே விடாதவர் டெல்ஃப். ஆட்டைத் துரத்தும் நாயைச் சுட்டுவிடுவார். அதற்கப்புறம்தான் யாருடையது என்று விசாரிப்பார். அவரே பப்புக்கு வந்து சொன்னார்.

"சனிக்கிழமை காலையில வாங்க. என் ஆடுங்க நடுவுல கயிறு இல்லாம நாய் நடக்கணும். கேட்டைத் தாண்டச் சொன்னா தாண்டி, அந்தப் பக்கம் காத்திருக்கணும். முயலை உயிரோட கையில கொண்டுவந்து கொடுக்கணும். எது செய்யுதோ அதுக்கு என் பண்ணை பூரா. மத்தது என் வேலிப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

ஹெட்லி அன்று சாப்பாட்டை மறந்து கணக்குப் போட்டான். முந்நூறு ஏக்கர்! சனிக்கிழமைதோறும் அவனும் நாயும் மலையும்! பஸ் இல்லை, பிள்ளைகள் இல்லை, திரைச்சீலைக்கு ஏணியில் ஏறி அளவு பிடிக்கும் வேலை இல்லை. சொர்க்கத்துக்கே ஆர்ச்சி டெல்ஃப்தான் வாயில்காப்போன் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை, காற்று ஊசிபோலக் குத்தியது. ஹெட்லியும் ஸ்டானும் கேட்டருகே நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் கற்சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் வின்னி. கையில் கூடை.

"நீ எதுக்கு வந்த?"

"தேநீர் கொண்டுவந்தேன். வாயைத் தொறக்க மாட்டேன். பொம்பளைக் குரல் கேட்டா நாய் கெட்டுடுமே."

முதலில் சுல்தான். ஆடுகளுக்கு நடுவே ராஜநடை நடந்தது. டெல்ஃப் தலையாட்டினார். கேட்டைத் தாண்டு என்றான் ஸ்டான். தாண்டியது. நில் என்றான். அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு காட்டுமுயல் காதை ஆட்டியது. அவ்வளவுதான். சுல்தான் ஒரு கோடாகி, கோடு புள்ளியாகி, புள்ளி குன்றுக்கு அப்பால் மறைந்தது. ஸ்டான் விசிலடித்தான். கெஞ்சினான். கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு அவனும் ஓடிக் குன்றுக்கு அப்பால் மறைந்தான்.

"ரெண்டு பேரும் நல்ல வேகம்," என்றார் டெல்ஃப். "அடுத்தது."

ஹெட்லி நடந்தான். நெட்டில் அவன் முழங்காலை ஒட்டி நடந்தது. நாற்பது செம்மறிகள், குட்டிகளோடு. ஒரு தாயாடு காலைத் தரையில் உதைத்து முட்ட வந்தது. நெட்டில் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. டெல்ஃபின் புருவம் மேலே போனது.

இனி கேட். முந்நூறு ஏக்கரும் ஹெட்லியின் கண்முன் ஆடியது. வாயைத் திறந்தான். மெதுவாகச் சொல்ல நினைத்ததுதான். பஸ் குரல் வந்துவிட்டது.

"தாண்டு!!"

நாற்பது ஆடுகளும் திரும்பிப் பார்த்தன. நெட்டில் பார்க்கவில்லை. கோழிநாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்படியே திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

"நெட்டில்... கண்ணு... தங்கம்... தாண்டும்மா..."

முதுகு.

"ஈரல் தர்றேன்."

முதுகு.

டெல்ஃப் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "ரட்டர், எனக்கு வேலை இருக்கு."

ஹெட்லியின் கண்ணில் நீர் முட்டியது. காற்றினால் என்று பிறகு சொல்லிக்கொண்டான். ஒரு வருஷத்து உழைப்பு. எல்லாவற்றையும் ஒரே கத்தலில் கெடுத்தாயிற்று. நாயின் மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம். தன் வாயின் மேல்தான் கோபம்.

அப்போது கற்சுவர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம். பேச்சில்லை, விசிலில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சின்னச் சத்தம்.

"க்ளக்."

நெட்டில் எழுந்தது. நின்ற இடத்திலிருந்தே ஐந்து கம்பி கேட்டை, காகிதம் பறப்பதுபோலத் தாண்டியது. அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்தது. சுவரைப் பார்த்துக் காதைத் தூக்கியது.

டெல்ஃபும் சுவரைப் பார்த்தார். ஹெட்லியும் பார்த்தான். வின்னி கூடைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

"க்ளக், க்ளக்," என்றது கூடைப் பக்கம்.

நெட்டில் பெரணிப் புதருக்குள் நுழைந்தது. ஒரு காலைத் தூக்கி நின்றது. புதரிலிருந்து முயல் பாய்ந்தது. சுல்தானாக இருந்தால் முயலின் வாலைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கும். நெட்டில் முயலைத் துரத்தவே இல்லை. முயலின் வளை எங்கே என்று பார்த்து, குறுக்கே நாலு பாய்ச்சலில் அதன் வாசலில் போய் நின்றுகொண்டது. கோலி நாய் ஆட்டை மடக்குகிற அதே கணக்கு. முயல் வீட்டுக்குத்தான் வந்தது. நேரே நாயின் வாய்க்குள் வந்தது.

"கடவுளே," என்றார் டெல்ஃப் மெதுவாக.

நெட்டில் கேட்டைத் திரும்பத் தாண்டியது. வாயில் முயல், உயிரோடு, கண்ணை உருட்டியபடி. ஹெட்லி மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினான். அது அவன் கைகளைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் அவன் கன்னத்தில் ஈரமூக்கை ஒரு முறை ஒற்றியது. மன்னித்தாயிற்று. ஆனால் முயல் வின்னியின் மடியில்தான் இறங்கியது.

"யாரோட நாய் இது?" என்று கேட்டார் டெல்ஃப்.

"எங்களோடது," என்றாள் வின்னி.

"அது தெரியும். யார் பழக்கினது?"

யாரும் பதில் சொல்லவில்லை. முயல்கூட வாயைத் திறக்கவில்லை.

டெல்ஃப் தொப்பியைத் தொட்டு வின்னிக்கு மரியாதை செய்தார். "மிஸஸ் ரட்டர், சனிக்கிழமை சனிக்கிழமை உங்க நாயோட வாங்க. பண்ணை பூரா உங்களுக்கு." பிறகு ஹெட்லியைப் பார்த்தார். மனம் இரங்கியிருக்க வேண்டும். "நீயும் வரலாம், ரட்டர். முயலைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணுமில்ல?"

வீட்டுக்கு நடந்தார்கள். வின்னி நடுவில். ஒரு பக்கம் நெட்டில், மறு பக்கம் ஹெட்லி. அந்த நாலு பாய்ச்சலும் அவன் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. பப்பில் இதை எப்படிச் சொல்வது? தன் நாய் என்று சொல்லலாம். தன் பெண்டாட்டி என்றும் சொல்லலாம். இரண்டும் பெருமைதான். சுவரோரம் ஒரு திருப்பத்தில் காற்று அடங்கியது. மூவரும் உட்கார்ந்தார்கள்.

"எப்பத்துலேர்ந்து, வின்னி?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து. நீ பஸ் எடுத்துட்டுப் போன. அது கொட்டகையில அழுதுச்சு. அடுப்புக்கிட்டக் கொண்டாந்து போட்டேன்."

"சமையலறையிலயா?"

"அது காலெடுத்து வைக்கல. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"சோப்பு?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"அப்புறம் உக்காரு, நில்லு, தாண்டு...?"

"காலையில ரெண்டரை மணி நேரம் இருக்கே. நீ வர்றதுக்குள்ள பாடத்தை முடிச்சுடுவோம். நீ வந்து சொல்லிக் கொடுக்கிறப்ப, புதுசாக் கேக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்கும். நல்ல பொண்ணு." நெட்டிலின் காதை வருடினாள். "சனிக்கிழமையானா நீ மட்டும் மலைக்குப் போவ, நான் வீட்டுல உக்காந்து நூலைக் கோத்துக்கிட்டு இருக்கணுமா? நானும் வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டேன்ல?"

ஹெட்லி தலையைக் குனிந்துகொண்டான். கேட்டாள்தான்.

"கோவமா?" என்றாள்.

"அந்த நாலு பாய்ச்சல், வின்னி... என் ஆயுசுல அப்படிப் பார்த்ததில்ல." கொஞ்சம் தயங்கினான். "எப்படிப் பழக்கின? எனக்கும் சொல்லிக் கொடேன்."

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஹெட்லி. கத்தக் கூடாது. முதல்ல வயித்தை நிரப்பணும். தப்புப் பண்ணா ஒண்ணும் சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கணும், ரெண்டு நாள்ல தானா வழிக்கு வந்துடும். நாம நினைச்சதை அது செய்யணும்னா, அதுவே யோசிச்சுச் செய்யற மாதிரி விட்டுடணும். செஞ்சதும் நல்லா மெச்சிக்கணும். அவ்வளவுதான்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"இருபத்தாறு வருஷப் பழக்கம்."

ஹெட்லி நெற்றியைச் சுருக்கி யோசித்தான். விரல்விட்டு எண்ணிக்கூடப் பார்த்தான்.

"இதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல நாயே இருந்ததில்லையே, வின்னி?"

வின்னி கூடையிலிருந்து பன்றிக்கறி சாண்ட்விச்சை எடுத்து நீட்டினாள். அவன் சமத்தாக வாங்கிக்கொண்டான்.