பெரியம்மா காலமானார்

"வீடியோல வாங்க பெரியம்மா! ஒரு தடவை உங்க முகத்தைப் பார்க்கணும்."

பூட்டுக்காரர் போனைச் சாவி வெட்டும் மெஷின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். எப்படித் திரும்பினாலும் அது பெரியம்மாவாக இல்லை.

பாவம், அவருக்கு ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. ஏழு வருடத்துக்கு முன்பு மனைவி இறந்தபோது கையில் மூன்று மாதக் குழந்தை. எதற்கு அழுகிறது, எதற்குக் கக்குகிறது, ஒன்றும் புரியவில்லை. இணையத்தில் தாய்மார்கள் குழு ஒன்று இருந்தது; ஆண்களுக்கு அனுமதி இல்லை. 'பெரியம்மா' என்று பெயர் கொடுத்து நுழைந்துவிட்டார். முதல் மாதம் பிள்ளையைத் தூங்க வைக்கும்போது கை தவறிப் போன ஒரு குரல் பதிவை, அவசரமாக அழித்துத் தப்பித்தார். அதன்பிறகு எழுத்து மட்டும்தான்.

கேட்டுக் கேட்டுக் கற்றவர், பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு அம்மாக்கள், பெரியம்மாவைக் கேட்காமல் பிள்ளைக்குத் தொப்பிகூட மாட்டுவதில்லை. மனைவிக்குப் பிறகு அவர் மனம்விட்டுப் பேசியது அவர்களிடம்தான். குட்டு உடைந்தால் அத்தனை பேரையும் இழக்க வேண்டும்.

"தொண்டை கட்டிடுச்சும்மா, பேசவே முடியல" என்று தட்டினார்.

"அச்சச்சோ! விலாசம் சொல்லுங்க, மருந்து அனுப்பறோம்."

மறுத்தால் சந்தேகம் வருமே என்று கடை விலாசத்தைக் கொடுத்தார். வந்தது மருந்து இல்லை, சேதி.

"ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றோம்!"

"ஐயோ வேண்டாம், காய்ச்சலும் சேர்ந்துக்கிச்சு. எழுந்திரிக்கவே முடியல."

"அப்போ தனியா விட்டுடுவோமா? இதோ, இப்பவே கிளம்பிட்டோம்!"

"நான் பெரியம்மாவோட தம்பி. அக்கா இப்பதான் தவறிட்டாங்க" என்று அனுப்பிவிட்டார். தொண்டைக்கட்டில் யாராவது செத்துப்போவார்களா என்று அனுப்பிய பிறகுதான் யோசித்தார்.

ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் முப்பது பெண்கள், இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகளோடு. முன்னால் நின்றவளின் கைக்குழந்தை தெருவே அதிர வீறிட்டது. அது மற்றதுகளையும் கிளப்பிவிட்டது.

"அக்கா... காலைலகூட நல்லாத்தாம்மா இருந்தாங்க" என்று பூட்டுக்காரர் தழுதழுத்தார்.

முன்னால் இருந்த குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திக் கொட்டாவி விட்டது. பக்கத்தில் ஒன்று தலை சாய்ந்தது. "நேத்துகூட உங்களைப் பத்தித்தான்..." என்றார். பின்னால் ஒன்று குறட்டையே விட்டது. வாசல் முழுக்க அப்படியே அடங்கிப் போனது. பூட்டுக்காரருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தான் செத்த கதையையே மறந்து, தூங்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றார்.

"இது என்னம்மா அதிசயம்?"

முன்னால் நின்றவள் கண்ணைத் துடைக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க அழிக்கிறதுக்குள்ள நாங்க சேமிச்சுக்கிட்ட உங்க குரல் தாலாட்டைப் போட்டாத்தான், எல்லார் வீட்டுலயும் இதுங்க தூங்கும். ஏழு வருஷம் வெளிய மூச்சு விடல அண்ணே. நீங்களா மீசையோட வந்து நிக்கட்டும்னு வீடியோல கூப்பிட்டா, செத்தே போயிட்டீங்களே!"