என் சமையலறை வழியாகச் செல்லும் பொதுப்பாதை குறித்து

நெதர் கிளீட்டன்,
ஷ்ராப்ஷர்.
1993 அக்டோபர் 4, திங்கள்

அன்புள்ள க்ரிஸ்பினுக்கு,

உன் அத்தை மார்கெரி எழுதிக்கொள்வது. இங்கே நானும், இடது முழங்காலைத் தவிர என் மற்ற உறுப்புகளும் நலம். அங்கே நீயும், ஃபெலிசிட்டியும், உங்கள் இருவரையும் கட்டி மேய்க்கும் அந்த நாயும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன். நலமில்லாத நாளில் மட்டும்தான் நீ எனக்கு எழுதுவாய் என்பதால், உன்னிடமிருந்து கடிதம் வராததை நற்செய்தியாகக் கொள்ளப் பழகிவிட்டேன்.

செய்தி இதுதான்: என் சமையலறை பிழைத்தது. சென்ற புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணி முதல் அது மறுபடியும் நான்கு சுவருள்ள, கதவைச் சாத்தினால் சாத்தியபடியே நிற்கிற, என் ஒருத்திக்கு மட்டும் உரிய அறை. வழக்கறிஞனாகிய உன் உதவி சிறிதும் இல்லாமல் இது நிகழ்ந்தது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முறையாகச் சொல்வதென்றால் டெஸ்மண்ட் ஹார்பாட்டிலின் கழிப்பறையிலிருந்து தொடங்க வேண்டும். லண்டனில் ஆயுள் காப்பீடு விற்று ஓய்வு பெற்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய பாதிரியார் இல்லத்தை வாங்கிய கனவான் அவர். வந்ததும் செய்த முதல் காரியம், தம் புல்வெளியின் வாயிலைச் சங்கிலி போட்டுப் பூட்டியது. ஊரே அந்தப் புல்வெளியைக் கடந்துதான் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பூட்டிய பிறகு, பால் லாரிகள் உறுமிக்கொண்டு போகும் சாலையில் ஒன்றரை மைல் சுற்றித்தான் கடவுளை அடைய முடியும். முப்பத்தோரு ஆண்டுகளாக நடைபாதைக் காப்புச் சங்கத்தின் செயலாளராக இருப்பவள் என்ற முறையில் அவருக்குக் கடிதம் எழுதினேன், மீண்டும் எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மிக மரியாதையாக ஒரே பதிலைத்தான் அனுப்பினார்: அங்கே பாதை இருந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள், மறுநிமிடம் திறக்கிறேன்.

நம் நாட்டில் பகை இருக்கிறது என்பதற்காக யாரும் ஷெர்ரி மது விருந்துக்கு அழைக்காமல் இருப்பதில்லை. சென்ற கிறிஸ்துமஸுக்கு என்னையும் அழைத்தார்கள். அவர் வீட்டு நடைவழி முழுவதும் செப்புத்தகட்டு அச்சுப் படங்கள்: இடிந்த மடாலயமும் அதன் முன் அறிவார்ந்த முகத்துடன் பசுக்களும், செவர்ன் நதியில் இதுவரை யாருமே பார்த்திராத ஓர் அருவி, லண்டனை விட்டு வெளியே கால் வைத்திராத யாரோ ஒரு செதுக்குக் கலைஞர் எரிமலையாக நிமிர்த்திவிட்ட நம் சாதுவான ரீக்கின் குன்று. இவையெல்லாம் விருந்தினருக்கு. உண்மையான பொருளைத் தொங்கவிட வேண்டிய இடத்தில்தான் தொங்கவிட்டிருந்தார், அதாவது கீழ்த்தளக் கழிப்பறையில். 1794-ஆம் ஆண்டின் மாவட்ட வரைபடம். இந்த நாட்டு ஆண்கள் தங்கள் மாவட்டத்தின் பூகோளத்தைத் தலைமுறை தலைமுறையாக அங்கே உட்கார்ந்துதான் கற்றிருக்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன். மூக்குக்கு நேரே நெதர் கிளீட்டன். எங்கள் தேவாலயத்தின் கட்டைக் கோபுரத்துக்குப் பதிலாக ஊசிக் கோபுரம் ஒன்றைத் தாராளமாகச் செருகியிருந்தார்கள். அதன் காலடியிலிருந்து ஹார்பாட்டிலின் புல்வெளி வழியாக நேர்கோட்டில் புறப்பட்டது ஓர் இரட்டைப் புள்ளிக் கோடு. பாதை. எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரிசை நின்றுவிட்டது போலும். திருமதி ஹார்பாட்டில் மெல்லக் கதவைத் தட்டினார்.

"மிஸ் ப்ளைத், உள்ளே எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாமே ரொம்பச் சரியா இருக்கு பமீலா," என்றேன்.

ஜனவரியில் ஒரு கிராமத்து ஏலத்தில் அதே வரைபடத்தின் இன்னொரு பிரதி எனக்குக் கிடைத்தது. அப்பாவின் படைப்பிரிவுப் புகைப்படம் இருந்த சட்டத்தில் அதை அடக்கி, விண்ணப்பத்தோடு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி, ஹார்பாட்டிலுக்கும் முறைப்படி அறிவிப்பு விடுத்தேன். முப்பத்தோரு ஆண்டுகளில் அவ்வளவு நன்றாக நான் உறங்கியதில்லை. ஆனால் நான் கோட்டின் தொடக்கத்தை மட்டும் பார்த்தவள். ஹார்பாட்டிலோ உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் தினமும் காலையில் சாவகாசமாக அதன்முன் உட்காருகிறவர். அவர் விரல் தம் வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அதே கோட்டில் மேலே போயிருக்கிறது. 1838-இல்தான் கட்டப்பட்டதால் வரைபடத்தில் இடம் பெறும் பேறில்லாத ஒரு வீட்டின் பின்கதவு வழியாக நுழைந்து, அடுப்பையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் கடந்து, முன்பக்கமாக ஆற்றங்கரைக்கு இறங்கியிருக்கிறது. அது என் வீடு.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"நான் தோத்துட்டேன் மிஸ் ப்ளைத். நாளைக்கே கேட்டைத் திறந்து விட்டுடறேன். ஆனா பாதைன்னு வந்துட்டா பாதியில நிக்கக் கூடாது பாருங்க. உங்க அடுப்பங்கரை எத்தனை மணிக்குத் திறக்கும்?"

சொன்னபடியே சங்கிலியைக் கழற்றினார். பச்சை வண்ணம் பூசிய பலகையொன்றை வாயிலில் நட்டு, 'பொதுப்பாதை: தேவாலயத்திலிருந்து மிஸ் ப்ளைத்தின் சமையலறை வழியாக ஆற்றங்கரைக்கு' என்று வெள்ளை எழுத்தில் எழுதினார். சுற்றுவட்டார நடைபயணக் குழுக்களுக்கெல்லாம் தம் கைப்படக் கடிதமும் போட்டார். என் நிலைமையை நீ யோசித்துப் பார். வரைபடத்தைத் திரும்பப் பெற்றால் சமையலறை தப்பும். ஆனால் பிறர் நிலத்தில் பாதை கேட்டவள், தன் வீட்டுக்குள் அது வந்தவுடன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள் என்று மூன்று மாவட்டங்கள் பேசும், பேசுவதும் நியாயம். பின்கதவைத் திறந்து வைத்தேன்.

ஈஸ்டர் திங்களன்று வால்சாலிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். தலைவர் நார்மன் டிட்ஸ்வெல். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடம். பொது உரிமையுள்ள வழியில் வருகிறவர் கதவைத் தட்டத் தேவையில்லை, ஆனாலும் தட்டினார்.

"மன்னிச்சுக்க கண்ணு, உன் அடுப்பாண்ட பூந்து போவணுமாம்."

எழுபத்தொன்பது வயதில் என்னைக் கண்ணு என்று அழைத்த முதல் ஆண்மகன் அவர்தான். பதினான்கு பேரும் காலணியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வரிசையாக நகர்ந்தார்கள். அந்நியர் சமையலறைக்குள் மன்னிப்புக் கேட்காமல் போக இந்த நாட்டில் யாருக்கும் வராது. ஈரத் தலையோடு எதிரே நிற்பவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்காமலிருக்க எனக்கும் வராது. அதனால் ஐந்து விநாடியில் கடக்க வேண்டிய பாதை நாற்பது நிமிடம் பிடித்தது. மே மாதத்தில் சனிக்கிழமைக்கு நாற்பது பேர். நான் ஒரு தேங்காய்நார் மிதியடி வாங்கிப் போட்டு, அம்புக்குறியுடன் ஓர் அறிவிப்பும் மாட்டினேன்: 'நடப்போர் இவ்வழி வருக. காலணியைத் துடைக்கவும். பூனையை வெளியே விடாதீர்.' டட்லியிலிருந்து வந்த ஒருவர் என் சூப்பைச் சுவைத்து உப்புப் போதாது என்றார். ஒரு கணவனும் மனைவியும் தொட்டியருகே நின்று, வழி தவறியது யாரால் என்று சண்டையிட்டுவிட்டு என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இருவராலும் என்று சொன்னேன், சமாதானமாகிவிட்டார்கள். டிட்ஸ்வெல் மாதம் இருமுறை வந்தார். வரும்போதெல்லாம் பாதையைப் புகழ்ந்தார்: "ஏத்தமே இல்ல கண்ணு. தண்ணி ஓடுற மாதிரி சமமாப் போவுது."

நீ அப்போது தொலைபேசியில் சொன்ன ஆலோசனை நினைவிருக்கிறதா? "அத்தை, கதவைப் பூட்டுங்க. பலகை கிலகை எதுவும் மாட்டாதீங்க. டீ குடுக்காதீங்க. அவங்களைப் பாத்துச் சிரிக்கக்கூடச் சிரிக்காதீங்க." அது சட்டக் கல்லூரியில் கற்பிக்கப்படும் அநாகரிகம் என்று கருதி நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஜூலைக்குள் என் நிலை பரிதாபமாகிவிட்டதை மறைக்கமாட்டேன். இரவு உடையோடு ஒரு முட்டையை வேகவைக்க முடியவில்லை. காலை உணவைச் சரக்கறைக்குள் மார்மலேட் சாடிகளுக்கு நடுவே நின்றபடி உண்டேன். ஆகஸ்டில் ஒருநாள் அங்கேயே ஒரு பெட்டியின் மீது உட்கார்ந்து, வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லம் எதிலாவது சேர்ந்துவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். நான் பிறந்த வீடு இது, க்ரிஸ்பின். அழவில்லை, ஆனால் அழுகிறவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்பது ஒருவாறு விளங்கியது.

சென்ற புதனன்று ஊர் மண்டபத்தில் விசாரணை. அரசு அனுப்பிய ஆய்வாளர் திருமதி ஓல்வென் ப்ராசர் வேல்ஸ் எல்லையைச் சேர்ந்த சிறிய உருவமுள்ள பெண்மணி. சாம்பல் நிற மேலங்கி, சொந்தமாகக் கொண்டுவந்த குடுவைத் தேநீர். என் வரைபடத்தையும், ஹார்பாட்டில் ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததையும் மேசையில் பக்கம்பக்கமாக வைத்து, ஓரங்களைக் கவனித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதோட கீழ்ப்பக்கம் எங்கே மிஸ் ப்ளைத்?"

எந்தக் கீழ்ப்பக்கம் என்றேன்.

"ஓரத்தில கத்திரியால வெட்டின தடம் இருக்கே."

அப்பாவின் புகைப்படச் சட்டம் வரைபடத்தைவிட இரண்டு அங்குலம் சிறியது. அடியில் பொடி எழுத்துத்தானே என்று சமையலறைக் கத்தரிக்கோலால் நறுக்கி, அதைச் சுருட்டி அடுப்பு பற்றவைத்தேன். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் வரலாறு படித்தவள் இதைச் சபையில் சொல்ல நேர்ந்தது. ஹார்பாட்டில் சிரித்தார். அடுத்த கேள்வி அவருக்கு. ஜன்னலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் அடங்க வேண்டும் என்பதற்காக அவரும் அதே இரண்டு அங்குலத்தை வெட்டியிருந்தார். திருமதி ப்ராசர் மாவட்ட ஆவணக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த மூன்றாவது பிரதியை விரித்தார். அதை யாரும் வெட்டியிருக்கவில்லை. அடியில் குறியீடுகளின் விளக்கம். ஒற்றைப் புள்ளிக் கோடு என்றால் நடைபாதை. இரட்டைப் புள்ளிக் கோடு என்றால் வெட்ட உத்தேசித்துள்ள கால்வாய். போட்டியாளரின் வரைபடத்தைவிடத் தன்னுடையது புதியதாகத் தோன்ற வேண்டும் என்று, அந்தக் காலத்துப் பதிப்பாளர்கள் யாரோ கனவு கண்ட கால்வாய்களையெல்லாம் முன்கூட்டியே செதுக்கிவிடுவார்களாம். இந்தக் கால்வாய்க்காக ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கப்படவில்லை. ஐந்து மாதமாக, இல்லாத கால்வாயின் தரையில் நாங்கள் எல்லோரும் நடந்திருக்கிறோம். கடைசி வரிசையிலிருந்து டிட்ஸ்வெல்லின் குரல் கேட்டது:

"அதான் ஏத்தமே இல்ல."

வரைபடத்தைத் தள்ளுபடி செய்வதாகவும் எழுத்துமூலத் தீர்ப்பு பின்னர் வரும் என்றும் அறிவித்துவிட்டுத் திருமதி ப்ராசர் குடுவையை மூடினார். நான் வீட்டுக்கு வந்து பின்கதவைத் தாழிட்டேன். அறிவிப்பைக் கழற்றினேன். மிதியடியை உதறிக் கரிக்கொட்டிலில் போட்டேன். பிறகு மாலை ஐந்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், இரவு உடையை அணிந்துகொண்டு ஒரு முட்டையை வேகவைத்து, மேசையில் உட்கார்ந்து, என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்காமல் முழுவதையும் உண்டேன். ஆறு மணிக்கு ஹார்பாட்டில் மறுபடியும் சங்கிலி மாட்டும் ஓசை கேட்டது. வருத்தம்தான், புல்வெளி போய்விட்டது. ஆனால் தோல்வியில் இவ்வளவு ஓய்வு இருக்கும் என்று தெரிந்திருந்தால் சில ஆண்டுகள் முன்னதாகவே தோற்றிருப்பேன்.

உனக்கும் ஃபெலிசிட்டிக்கும் என் ஆசிகள். நீங்கள் நீடூழி வாழ்க, குறைவாகக் கடன் வாங்குக, நாயைக் கட்டிலில் ஏற்றாதிருக்க.

இப்படிக்கு,
மன அமைதியுடனும் பூட்டிய கதவுடனும்
உன் அத்தை
மார்கெரி ப்ளைத்

பின்குறிப்பு (செவ்வாய்): இதை உறையிலிடுவதற்குள் தபாலில் தீர்ப்பு வந்துவிட்டது. பதினோரு பக்கம். எட்டாம் பக்கம் வரை நான் மேலே எழுதியதுதான். ஒன்பதாம் பக்கத்தில், பொதுப்பாதை உருவாவதற்குப் பழைய வரைபடம் கட்டாயமில்லை என்கிறார் திருமதி ப்ராசர். உரிமையாளர் தாமாக முன்வந்து, வெளிப்படையாகப் பொதுமக்களை அழைத்து, அவர்களும் வந்து பயன்படுத்தினால் அதுவே போதுமாம். ஹார்பாட்டில் வாயிலைத் திறந்தார், பலகை நட்டார், குழுக்களுக்கெல்லாம் கைப்பட எழுதினார். ஆகவே புல்வெளி இனி என்றைக்கும் பொதுவழி. நான் மிதியடி போட்டேன், 'வருக' என்று அம்புக்குறி மாட்டினேன், தேநீர் கொடுத்தேன் (டிட்ஸ்வெல் அன்போடு எடுத்துவைத்த புகைப்படங்கள் ஒன்பது, இணைப்பில்). ஆகவே சமையலறையும் அவ்வாறே. உன் ஆலோசனையைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். பாதையின் அகலம் ஐந்தடி என்று நிர்ணயித்திருக்கிறார்கள். என் அடுப்பு அதற்குள் மூன்றடி துருத்திக்கொண்டு நிற்கிறது. பொதுவழியில் இடையூறு கண்டால் எங்கள் சங்கம் ஏழு நாளைக்குள் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது விதி; கையொப்பமிட வேண்டியவர் செயலாளர். மேற்படி அடுப்பைப் பதினான்கு நாளைக்குள் அப்புறப்படுத்தக் கோரி மேற்படி மிஸ் ப்ளைத்துக்கு இன்று காலை சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன். பலன் இருக்கும் என்று தோன்றவில்லை. அந்தப் பெண்மணியை எனக்குத் தெரியும். முதல் கடிதத்துக்கெல்லாம் அசைகிறவள் அல்ல.